நடுவானில் கழலும் நட்டு

வானில் பறக்கும் இயந்திரங்களில் மிகக் குறைவான அசையும் உறுப்புகளைக் கொண்டவற்றுள் ஒன்று நான்கு மோட்டார் ட்ரோன். ஹெலிகாப்டரின் தலைப்பகுதியில், சுழலும் இதழ்களின் சாய்வை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக் கொடுப்பதற்கென்று தட்டுகளும் தண்டுகளும் கீல்களும் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். ட்ரோனில் அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மேலே ஏறுவது, கீழே இறங்குவது, முன்னே பாய்வது, பக்கவாட்டில் நகர்வது, நின்ற இடத்திலேயே திரும்புவது என எல்லாவற்றையும் அது நான்கு மோட்டார்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே செய்துவிடுகிறது. அந்த எளிமையின் சுமை முழுவதும் மோட்டாரின் தண்டும் புரொப்பெல்லரும் சேருகிற ஒரே இணைப்பின் மீது விழுகிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பறந்துகொண்டிருந்த ட்ரோன் திடீரெனக் கவிழ்ந்து விழுந்தால் பேட்டரி, காற்று, சிக்னல், பறவை என்று காரணங்கள் வரிசையாகச் சொல்லப்படும். புரொப்பெல்லர் கழன்றிருக்கலாம் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். அப்போதும், ஓட்டியவர் சரியாக இறுக்கவில்லை என்ற ஒற்றை வரித் தீர்ப்போடு விசாரணை முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பு பாதி உண்மையே. ஒரு காலத்தில் சரியாக இருந்த நட்டு, அதன் அடியில் இருந்த மோட்டாரின் பழக்கம் மாறியதால் தவறான நட்டாகிப் போன கதை மீதிப் பாதியில் இருக்கிறது.

நான்கு புரொப்பெல்லர்களில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழல்கின்றன. ஒரே திசையில் சுழல்பவை எதிரெதிர் மூலைகளில் இருக்கும். புரொப்பெல்லரை ஒரு திசையில் சுழற்றும் மோட்டார், அதற்கு எதிர்வினையாக ட்ரோனின் உடலை மறுதிசையில் திருப்பப் பார்க்கும் என்பதாலும், இரு இணைகளும் ஒன்றின் திருப்பத்தை மற்றொன்று சரிக்கட்டினால்தான் உடல் நிலையாக நிற்கும் என்பதாலும் இந்த ஏற்பாடு. ஒரு மூலையில் புரொப்பெல்லர் கழன்று போனால் இரண்டு சமநிலைகள் ஒரே கணத்தில் குலைகின்றன. தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் அந்த மூலை கீழே சரிகிறது. உடலைத் திருப்பும் விசையும் இரண்டுக்கு ஒன்று என்றாகிவிடுவதால் ட்ரோன் தன்னைத்தானே சுற்றத் தொடங்குகிறது. அது சுற்றும் திசை கழன்றுபோன புரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருந்த அதே திசையாக இருக்கும் என்பது, விபத்துக் காட்சியைப் பிறகு போட்டுப் பார்ப்பவர்களுக்குப் பெரிதும் உதவும் தகவல். சரியும் மூலையைத் தூக்க முயலும் கட்டுப்பாட்டுக் கருவி, புரொப்பெல்லரே இல்லாத மோட்டாருக்கு முழு வேகம் கொடுத்துவிட்டு, எதிர்மூலையின் வேகத்தையும் குறைக்கிறது. ஆகவே ஏறக்குறைய பாதித் தூக்குவிசை போய்விடுகிறது. 30 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் இரண்டரை நொடியில் தரையைத் தொடும். அதற்குள் ஓட்டுபவர் கையில் இருக்கும் குச்சியை எப்படித் திருப்பினாலும் ஆகப் போவது ஒன்றுமில்லை.

இனி அந்த இணைப்புக்கு வரலாம். தண்டில் மரை வெட்டி, அதில் புரொப்பெல்லரை நட்டைப் போலத் திருகி மாட்டுவதே மிகப் பழைய முறை. மரையில் இரண்டு வகை உண்டு: மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது வலமரை, இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது இடமரை. வலஞ்சுழியாகச் சுழலும் மோட்டாரின் தண்டு புரொப்பெல்லரை இழுத்துக்கொண்டு போகும்போது, காற்றின் தடையாலும் தன் நிலைமத்தாலும், அதாவது இருந்த நிலையிலேயே இருக்க முனையும் குணத்தாலும், புரொப்பெல்லர் சற்றுப் பின்தங்கப் பார்க்கும். தண்டின் கண்ணோட்டத்தில் அது இடஞ்சுழியாகத் திரும்ப முயல்கிறது என்று பொருள். ஆகவே அந்தத் தண்டில் இடமரை வெட்டிவிட்டால், மோட்டார் ஓட ஓடப் புரொப்பெல்லர் தானாகவே இறுகிக்கொள்ளும். இடஞ்சுழியாகச் சுழலும் மோட்டாருக்கு வலமரை. வீட்டிலுள்ள டேபிள் ஃபேனின் முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழை வழக்கமான திசையில் திருப்பிக் கழற்றப் பார்த்து, அது மேலும் இறுகிப்போய்த் திண்டாடியவர்கள் இந்தத் தத்துவத்தை ஏற்கெனவே கையால் அறிந்தவர்கள்.

டிஜேஐ நிறுவனம் தன் ஃபாண்டம் வரிசை ட்ரோன்களில் இதைத்தான் பயன்படுத்தியது. 2015-இல் வெளிவந்த ஃபாண்டம் 3-இன் புரொப்பெல்லர் 9450 என்ற எண்ணால் அறியப்பட்டது. முதல் இரண்டு இலக்கங்கள் 9.4 அங்குல விட்டத்தையும், அடுத்த இரண்டு 5 அங்குல ஏற்றத்தையும் குறிக்கும். ஏற்றம் என்பது, வழுக்காத ஓர் ஊடகத்தில் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம். நடுக்குமிழ் கறுப்பாக இருப்பதைக் கறுப்பு முனை கொண்ட மோட்டாரிலும், வெள்ளி நிறமாக இருப்பதை வெள்ளி முனை கொண்ட மோட்டாரிலும் மாட்ட வேண்டும். பூட்டும் திசையும் திறக்கும் திசையும் இதழின் மேலேயே சிறு பூட்டுப் படங்களாக அச்சிடப்பட்டிருந்தன. மாற்றி மாட்ட நினைத்தாலும் மரை ஏறாது. ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குமிழைத் திருகினால் போதும், ஸ்பேனர்கூட அவசியமில்லை. பொறியியல் நோக்கில் பார்த்தால் குறை சொல்ல முடியாத அழகு அதில் இருந்தது: கழற்றக்கூடிய விசையையே இறுக்கும் விசையாக மாற்றிவிட்ட வடிவமைப்பு அது.

ஆனால் மோட்டார் எப்போதும் புரொப்பெல்லரை இழுத்துக்கொண்டே இருக்கும் என்ற ஒற்றை அனுமானத்தின் மேல்தான் அந்த அழகு முழுவதும் நின்றது. மோட்டாரின் வேகத்தைக் குறைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டு, காற்றின் தடையே புரொப்பெல்லரை மெதுவாக்கட்டும் என்று காத்திருப்பது முதல் வழி. இதில் மோட்டாரின் சுழலும் கிண்ணத்துக்கும் நிலைமம் உண்டு என்பதால், வேகம் குறையும்போதும் கிண்ணம் புரொப்பெல்லரை முன்னே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். மரைக்கு இறுகும் திசையிலேயே விசை கிடைத்துக்கொண்டிருக்கும். சுருள்களைக் குறுக்கிணைத்தோ எதிர்த்திசையில் மின்னோட்டம் செலுத்தியோ மோட்டாரைப் பிரேக் போட்டு நிறுத்துவது இரண்டாவது வழி. இதில் தண்டு சட்டென்று மெதுவாகிறது. புரொப்பெல்லரோ தன் நிலைமத்தால் அதே வேகத்தில் முன்னே ஓடப் பார்க்கிறது. இப்போது மரையின் மேல் விழுவது கழலும் திசை விசை. ஒரே பயணத்தில், ஒவ்வொரு சிறு திருத்தத்தின் போதும், இந்த இரண்டு திசைகளும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

பிரேக் போடும் வழக்கம் ஏன் வந்தது என்பதற்கு விடை ட்ரோனின் சுறுசுறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்சாரத்தை அளந்து விடும் வேகக் கட்டுப்படுத்தி என்ற சிறு சுற்றுப்பலகை, தொடக்கத்தில் வேகத்தைக் கூட்டுவதில் மட்டுமே கெட்டியாக இருந்தது. குறைப்பதைக் காற்றிடம் விட்டுவிட்டது. கூடுவது வேகமாகவும் குறைவது மெதுவாகவும் நடந்தால், கூர்மையாகத் திரும்பிய பிறகு ட்ரோன் தள்ளாடும், செங்குத்தாக இறங்கும்போது ஆட்டம் காணும். பந்தய ட்ரோன்களைக் கட்டுபவர்கள் இதைப் பொறுக்கமாட்டாமல், வேகத்தைக் குறைப்பதையும் மோட்டாரே செய்யும்படி கட்டுப்படுத்தியின் மென்பொருளை மாற்றினார்கள்; ஒளிப்படம் எடுக்கும் ட்ரோன்களும் வேகமாகவும் துல்லியமாகவும் பறக்க வேண்டும் என்ற போட்டியில் அதே பக்கம் நகர்ந்தன. நட்டு அப்படியே இருந்தது, அதன் மேல் விழும் விசையின் குணம்தான் மாறியது.

இந்த விசை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போதும். ஃபாண்டம் அளவிலான புரொப்பெல்லர் அந்தரத்தில் நிற்கும் வேகத்தில் சுழலும்போது காற்றின் தடை தண்டின் மேல் ஏற்படுத்தும் முறுக்குவிசை ஏறத்தாழ 0.05 நியூட்டன்-மீட்டர். இது இறுக்கும் பக்கம். பன்னிரண்டு கிராம் அளவு எடையுள்ள அதே புரொப்பெல்லரின் வேகத்தை நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிமிடத்துக்கு 2,000 சுற்று குறைத்தால், கழற்றும் பக்கம் வருவது அதைப் போல் மூன்று மடங்கு. இடையில் தடுத்து நிற்பது, கையால் திருகியபோது மரையில் உண்டான இறுக்கம் ஒன்றுதான். கைக்குக் கை அந்த இறுக்கம் வேறுபடும். பிளாஸ்டிக் நடுப்பகுதி வெயிலிலும் அழுத்தத்திலும் நாளடைவில் சற்று அமுங்கிப்போவதால் அதே கையால் திருகியதுகூட ஒரு வாரத்தில் வேறுபடும். பெரும்பாலான பயணங்களில் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், பிரேக்கில் சற்று நெகிழும் மரை அடுத்த கணமே மோட்டார் வேகமெடுக்கையில் மறுபடி இறுகிக்கொள்வதுதான். நெகிழ்வு இறுக்கத்தை முந்திவிடும் ஒரு பயணத்தில், இரண்டு மூன்று சுற்றுகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்குச் சிலர் கண்ட மருந்து, மேலும் பலமாக இறுக்குவது. இறுக்கம் கூடினால் கழலும் வாய்ப்புக் குறையும் என்பது உண்மையே. ஆனால் நடுப்பகுதி பிளாஸ்டிக்காக இருக்கும் பொருளில் அதிகமாக இறுக்குவது கழலும் நட்டுக்குப் பதிலாக விரிசல் விட்ட குமிழைக் கொடுக்கும். சரியான மருந்து இணைப்பின் வகையையே மாற்றுவதுதான். 2016 மார்ச்சில் வந்த ஃபாண்டம் 4-இல் மரை காணாமல் போனது. அழுத்தித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் பூட்டு அந்த இடத்தைப் பிடித்தது: புரொப்பெல்லரின் அடியில் உள்ள நாக்குகள் மோட்டாரின் மேல்தட்டிலுள்ள பள்ளங்களில் இறங்கி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பி, அடியிலிருக்கும் சுருள்வில் மேலே தள்ளுவதால் அந்த இடத்திலேயே நிலைத்துவிடும். விளையாட்டு முறையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வரை செல்லக்கூடிய அந்த ட்ரோனில், மோட்டார் வேகம் சட்டென்று மாறும்போதும் புரொப்பெல்லர் இடம் பெயராமல் இருப்பதற்காகவே இந்த மாற்றம் என்பதை நிறுவனமே சொன்னது. அதன் பெரிய ட்ரோனான இன்ஸ்பயர் 1-உம் திருகு மரையில் தொடங்கிப் பின்னர் விரைவுப் பூட்டுக்கு மாறியது.

இரண்டு இணைப்புகளுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. மரை இணைப்பு உராய்வை நம்பி நிற்கிறது. உராய்வு எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவும் கூடும். பூட்டு இணைப்பு வடிவத்தை நம்பி நிற்கிறது. நாக்கு பள்ளத்துக்குள் இருக்கும் வரை எந்தத் திசையில் விசை வந்தாலும் அது வெளியேற வழியில்லை. ஆனால் நாக்கு பள்ளத்துக்குள் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி இப்போது புதிதாக முளைக்கிறது. மணல் துகள் ஒன்று பள்ளத்தில் இருந்தாலோ, அவசரத்தில் அரைகுறையாகத் திருப்பினாலோ, வில் தளர்ந்திருந்தாலோ, புரொப்பெல்லர் பார்வைக்கு மாட்டியது போலவே உட்கார்ந்திருக்கும். மெதுவாகச் சுழலும்போது நிற்கவும் செய்யும். தூக்குவிசை முழுமையாக வந்தவுடன்தான் அது மேலே கிளம்பும். ஆகவே பூட்டு வகையில் கழல்வது பெரும்பாலும் ட்ரோன் தரையை விட்டு எழும்பும் முதல் சில நொடிகளில் நடக்கிறது. மரை வகையில் அது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். பிழையின் இடம் வானிலிருந்து தரைக்கு இறங்கியது என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம்தான். ஒவ்வொரு இதழையும் பிடித்து மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பது, பூட்டு வகைக்குப் போதுமான சோதனை. மரை வகைக்கு அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

250 கிராமுக்கும் குறைந்த சின்ன ட்ரோன்களில் மூன்றாவது வகை இணைப்பு காணப்படுகிறது. 249 கிராம் எடையோடு 2019-இல் வந்த மாவிக் மினியில் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகக் கடுகளவுத் திருகாணியால் மோட்டாரின் மேல் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பார்த்துச் செய்த ட்ரோனில் பூட்டுக்கும் வில்லுக்கும் எடை ஒதுக்க மனம் வராதது புரிந்துகொள்ளக்கூடியதே. இந்திய ட்ரோன் விதிகள் 2021 உட்படப் பல நாட்டு விதிகளில் 250 கிராம் என்பது ஒரு எல்லைக்கோடு. இதழ் மாற்றும்போது பழைய திருகாணியைத் திரும்பப் போடாமல், கூடவே வரும் புதியதைப் போடவும், பெட்டியில் தந்த திருப்புளியையே பயன்படுத்தவும் கையேடு சொல்கிறது. அந்தத் திருகாணியின் மரையில் பூசியிருக்கும் மெல்லிய பசைதான் அதற்குக் காரணம். ஒரு முறை இறுக்கியதும் அதன் வேலை முடிந்துவிடும்.

அந்தப் பசை தனியாகச் சொல்லத் தக்கது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருந்து, காற்று இல்லாத இடுக்கில் உலோகத்தோடு சேரும்போது மட்டும் கெட்டியாகும் பசையை 1953-இல் உருவாக்கினார். அதுவே லாக்டைட் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. நீல நிறத்தில் வருவது, கைக்கருவியால் மறுபடி கழற்றக்கூடிய நடுத்தர வலிமை கொண்டது; சிவப்பு, சூடாக்கினால்தான் இளகும். மோட்டாரை ட்ரோனின் கையோடு பிணைக்கும் உலோகத் திருகாணிகளுக்கு நீலம் பொருத்தமானது. ஆனால் பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளின் மேல் பட்டால் இந்தப் பசை அவற்றில் நுண்விரிசலை உண்டாக்கும் என்பதால், புரொப்பெல்லரின் நடுப்பகுதிக்கு அருகே அதைத் தாராளமாக ஊற்றுபவர் கழலாத இணைப்பையும் உடையும் இதழையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறார். ஐந்து அங்குலப் பந்தய ட்ரோன்காரர்கள் பசைக்குப் போவதேயில்லை. உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டை 5 மில்லிமீட்டர் தண்டில் 8 மில்லிமீட்டர் ஸ்பேனரால் ஏற்றுகிறார்கள். இறுக்கம் போனாலும் நைலான் மரையைக் கவ்விக்கொண்டிருக்கும் என்பதால் வலமரை, இடமரை என்ற பேதமே அங்கு தேவைப்படாமல் போயிற்று. கையால் சுலபமாக ஏறத் தொடங்கும் அளவுக்கு அந்த நைலான் தேய்ந்துவிட்டால் நட்டைத் தூக்கியெறிய வேண்டியதுதான்.

மரை ஏன் தானாகக் கழல்கிறது என்ற கேள்விக்குப் பிரேக் மட்டும் முழு விடையாகாது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் ஜங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, நட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் அதிர்வே மிகத் தீங்கானது என்று காட்டியது. இணைந்த இரு பரப்புகளும் குறுக்காக ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும் கணத்தில் உராய்வு முழுவதும் அந்த வழுக்கலை எதிர்ப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மரை தன் சரிவில் கீழிறங்குவதைத் தடுப்பதற்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஒவ்வோர் அதிர்விலும் நட்டு இம்மியளவு பின்னோக்கிச் சுழல்கிறது. அவர் வகுத்த சோதனை முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நட்டுக்கு அடியில் போடும் பிளந்த ஸ்பிரிங் வாஷர் அதிர்வைத் தடுக்கும் என்ற பட்டறை நம்பிக்கை அந்தச் சோதனையில் மோசமாகத் தோற்றுப்போனது. இருந்தும் அந்த வாஷர் இல்லாத பட்டறை எங்கும் இல்லை.

குறுக்கு அதிர்வை ட்ரோனில் உண்டாக்குவது சமனில்லாத புரொப்பெல்லர். 5 கிராம் எடையுள்ள ஓர் இதழின் எடைமையம் அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்து, அது நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் சுழன்றால், அதை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 100 நியூட்டன், அதாவது 10 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். எதிர்ப்பக்க இதழும் அதே அளவு இழுப்பதால் தண்டுக்கு அது தெரிவதில்லை. ஆனால் ஓர் இதழின் நுனி அருகே, அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, 0.1 கிராம் அளவு சில்லு பெயர்ந்து போயிருந்தாலும், சமனாகாமல் மிஞ்சும் விசை 4 நியூட்டன்; 400 கிராம் எடை நொடிக்கு நூறு முறை தண்டைச் சுற்றிச் சுற்றிப் பக்கவாட்டில் இழுப்பதற்கு அது ஒப்பாகும். புல்லில் உரசிய தடம், முந்தைய இறக்கத்தில் நுனியில் விழுந்த வெண்மையான கீறல், மருந்து தெளிக்கும் ட்ரோனின் இதழில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து ஒட்டிய கரைசல் என எல்லாமே இந்தக் கணக்கில் வந்து சேரும். தெளிப்பு ட்ரோன்களில் இதழ்கள் மடங்குவதற்கு ஏதுவாக வேர்ப்பகுதியில் ஒற்றைப் போல்ட்டில் தொங்குவதால் வேறொரு சிக்கலும் சேர்கிறது: அந்தப் போல்ட்டு தளர்ந்தால் இதழ் படபடக்கும், மிகையாக இறுகினால் சுழற்சியின் இழுப்பில் நேராக நிமிர முடியாமல் கோணலாகவே நின்று அதிரும். இங்கே கூடுதல் இறுக்கமும் பிழைதான்.

வானூர்தியின் வரலாறே இந்தத் தொல்லையோடுதான் தொடங்குகிறது. 1903 நவம்பரில் கிட்டி ஹாக் அருகேயுள்ள கில் டெவில் ஹில்ஸில் ரைட் சகோதரர்கள் தங்கள் எந்திரத்தை ஓட்டிப் பார்த்தபோது, எந்திரத்தின் குலுக்கலில் புரொப்பெல்லர் தண்டுகளின் மேல் இருந்த சங்கிலிப் பற்சக்கரங்கள் எவ்வளவு இறுக்கியும் கழன்றுகொண்டே இருந்தன. சைக்கிள் கடைக்காரர்களான அவர்களுக்குக் கைகொடுத்தது, டயரைச் சக்கர வளையத்தோடு ஒட்டும் பசை. அதை உருக்கி மரைக்குள் ஊற்றியதும் தொல்லை நின்றது. கிரீபிளின் பசைக்கு அரை நூற்றாண்டு முன்பே அதன் வேலையைச் செய்த முன்னோடி அது. பிறகு தண்டிலேயே விரிசல் கண்டது, ஆர்வில் டேட்டன் நகருக்குத் திரும்பிப் புதிய எஃகுத் தண்டுகளோடு வந்தார், டிசம்பர் 17 அன்று விமானம் பறந்தது. ஐந்தாண்டு கழித்து, 1908 செப்டம்பர் 17-இல், வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ஓட்டிய விமானத்தின் ஒரு புரொப்பெல்லர் இதழ் நீளவாக்கில் வெடித்தது. சமனிழந்த அதிர்வில் அதன் தண்டைத் தாங்கிய குழாய் தளர்ந்து, இடம் பெயர்ந்த புரொப்பெல்லர் வால்பகுதியின் இழுகம்பியை வெட்டியது. உடன் பறந்த லெஃப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் எந்திர விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதரானார். இதழில் தொடங்கிய பிழை அதிர்வாகி, அதிர்வு இணைப்பைத் தளர்த்தி, தளர்ந்த உறுப்பு வேறொன்றை வெட்டும் அந்தச் சங்கிலித்தொடர் இன்றைய ட்ரோன் விபத்துகளிலும் அப்படியே காணக் கிடைக்கிறது.

ஒரு புரொப்பெல்லரை இழந்த ட்ரோனைக் காப்பாற்றவே முடியாதா என்றால், ஆய்வுக்கூடத்தின் விடை வேறு. சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் மார்க் முல்லரும் ரஃபேல்லோ டி ஆண்ட்ரியாவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, உடல் சுற்றுவதைத் தடுக்கும் முயற்சியைக் கைவிட்டு, அதைச் சுற்றவிட்டே மீதி மூன்று புரொப்பெல்லர்களால் உயரத்தையும் இடத்தையும் காக்கலாம் என்று நிறுவியது. 2021-இல் சூரிச் பல்கலைக்கழகமும் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெளியுதவி எதுவுமின்றி ட்ரோனிலேயே உள்ள கேமராவைக் கொண்டு இதைச் செய்து காட்டின. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் சுற்றும் உடலிலிருந்து தரையை அடையாளம் காண்பதே அங்கு பெரும்பாடாக இருந்தது. தொழில்முறைப் பயன்பாட்டுக்கு ஆறு அல்லது எட்டு மோட்டார் ட்ரோன்களை விரும்புவதற்கு, ஒரு புரொப்பெல்லரை இழக்கும் இந்த அபாயமும் ஒரு காரணம். ஒன்று போனாலும் மற்றவை பகிர்ந்துகொள்ள இடமிருக்கிறது. கழன்று பறக்கும் இதழ் கீழே நிற்பவர் மேல் விழுவதை மட்டும் எத்தனை மோட்டார் இருந்தாலும் தடுக்க முடியாது.

எஞ்சியிருப்பது, விழுந்து கிடக்கும் ட்ரோனைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது. உத்தரவாதம், காப்பீடு, பழி மூன்றும் இதில்தான் தொங்குகின்றன என்பதால் அவசரம் கூடாது. பறப்புப் பதிவில், ட்ரோன் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கருவி கேட்டதும், உண்மையில் இருந்த கோணமும் ஒரு கணம் வரை ஒட்டி ஓடிவிட்டுச் சட்டென்று பிரிந்தால், கோளாறு கணக்கில் அன்று, உறுப்பில் இருக்கிறது. அதே கணத்தில் ஒரு மோட்டாருக்குப் போகும் கட்டளை உச்சத்தைத் தொட, எதிர்மூலைக்குப் போவது அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால், குற்றவாளி எந்த மூலை என்பதும் தெரிந்துவிடும். மோட்டார் நின்றதா, புரொப்பெல்லர் போனதா என்பதை அந்த மோட்டாரின் வேகப் பதிவு சொல்லும்: சுமை இல்லாத மோட்டார் குறைந்த மின்னோட்டத்தில் வெறிகொண்டு சுழன்றிருக்கும். எல்லாத் திடீர் விபத்தையும் புரொப்பெல்லர் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2016 நவம்பரில் கோப்ரோ நிறுவனம் தன் கார்மா ட்ரோன்கள் சுமார் 2,500-ஐத் திரும்பப் பெற்றபோது, பறக்கையில் மின்சாரம் அறுந்ததற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது பேட்டரியைப் பிடித்திருந்த கொக்கியின் தளர்வு.

பதிவு கிடைக்காதபோது கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும். சுழலும்போதே கழன்ற புரொப்பெல்லர் தன் தூக்குவிசையால் முதலில் மேலெழும்பி, பிறகு சுழன்றபடியே மெதுவாக இறங்கும் என்பதால், விழுந்த இடத்தில் கிடைக்காது. ட்ரோன் வந்த வழியில், காற்றடிக்கும் பக்கமாகத் தேட வேண்டும். ஆயினும் தொலைவு மட்டுமே சான்றாகாது. 2024 ஜனவரி 18 அன்று செவ்வாயில் இஞ்செனுயிட்டி ஹெலிகாப்டர் தன் 72-ஆவது பயணத்தின் இறுதியில் முரட்டுத்தனமாகத் தரையிறங்கியபோது, முதலில் இதழ்களின் முனைப்பகுதிகள் முறிந்தன, அதனால் எழுந்த அதிர்வு ஓர் இதழை வேரோடு பிய்த்து ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவில் வீசியது. அங்கு பிய்ந்தது தரையிறங்கிய பிறகே. ஆகவே கண்டெடுத்த புரொப்பெல்லரின் நடுக்குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்மரை சிதையாமல், இதழ்கள் முழுதாக இருந்தால் அது திருகிக் கழன்றது. மரை வழித்தெடுத்தது போல் இருந்தால் பிடுங்கப்பட்டது. பூட்டு வகையில், நாக்குகளின் ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால், அது ஒருபோதும் முழுமையாக உள்ளே போகவில்லை.